பங்குதாரர் ஆகிவிட்டேன், இனி என்ன? தொழில்சார் சேவை நிறுவனங்களில் தலைமையும் நிர்வாகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேனேஜராகவோ பங்குதாரராகவோ புதிதாக உயர்ந்தவர்களுக்குச் சில வருடங்களாகப் பயிற்சி நடத்துகிறேன். அதற்கு முன்னால் ஒரு தணிக்கை நிறுவனத்தில் ஜூனியராகச் சேர்ந்து, பங்குதாரராகி, நிறையத் தவறுகள் செய்து, அவற்றில் சிலவற்றைத் திருத்திக்கொண்டவன். பயிற்சியில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். இவற்றில் பாதிக்கு மேல் கூட்டத்தில் கேட்கப்பட்டவை இல்லை. இடைவேளையில் ஓரமாக வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்கப்பட்டவை.

தொழில்சார் சேவை நிறுவனம் என்றால் எது? அதை நடத்துவதில் அப்படி என்ன தனிச் சிக்கல்?

தணிக்கை, வரி, சட்டம், கட்டட வடிவமைப்பு, பொறியியல் ஆலோசனை, நிர்வாக ஆலோசனை என்று, படித்துத் தேர்ந்தவர்களின் அறிவையும் நேரத்தையும் விற்கிற நிறுவனம். கிடங்கு கிடையாது, சரக்கும் கிடையாது. இன்று விற்காமல் போன ஒரு மணி நேரத்தை எடுத்து வைத்து நாளைக்கு விற்க முடியாது.

சிக்கல் மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்று, வேலை செய்பவருக்கு அந்த விஷயத்தில் மேற்பார்வையாளரைவிட அதிகம் தெரிந்திருக்கலாம். நீங்கள் கம்பெனிச் சட்டம் பார்ப்பவர், உங்கள் குழுவில் இருப்பவர் காப்புரிமை நிபுணர் என்றால், அவர் எழுதியதில் எதைத் திருத்துவீர்கள்? இரண்டு, பங்குதாரர்கள்தான் முதலாளிகள், அவர்கள் பக்கத்து அறையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று, வேலையின் தரத்தை வாடிக்கையாளரால் முழுதாக எடைபோட முடிவதில்லை. வரைவில் ஒரு ஷரத்து விட்டுப்போனது ஐந்து வருடம் கழித்து வழக்கு வரும்போதுதான் தெரியும். அதுவரைக்கும் அவர் உங்களை எதை வைத்து மதிப்பிடுவார்? போனை எடுத்தீர்களா, சொன்ன நாளில் கொடுத்தீர்களா, அவருக்குப் புரிகிற மாதிரி பேசினீர்களா, இதை வைத்துத்தான்.

நல்ல வக்கீலாக, நல்ல ஆடிட்டராக இருந்ததால்தானே பதவி உயர்வு கொடுத்தார்கள்? அப்புறம் ஏன் தடுமாறுகிறேன்?

எந்தப் பழக்கம் உங்களை மேலே கொண்டுவந்ததோ அதுவேதான் இப்போது காலை வாருகிறது. பத்து வருடமாக உங்களுக்குக் கிடைத்த பாராட்டெல்லாம் உங்கள் கையால் செய்த வேலைக்குக் கிடைத்தது. சிக்கலான ஃபைல் வந்தால் உங்களிடம் வரும், நீங்கள் ராத்திரி உட்கார்ந்து முடிப்பீர்கள், எல்லாரும் மெச்சுவார்கள். இப்போது அதே ஃபைல் உங்கள் கை படாமல், அதே தரத்தில் முடிய வேண்டும். அதற்குக் கைதட்ட யாரும் இருக்க மாட்டார்கள்.

இதைத் திறமைக் குறைவு என்று பலர் நினைத்துக் குமைகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலையே மாறிவிட்டது, நாம்தான் பழைய வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம். பங்குதாரரான முதல் வருடம் நான் செய்த மொத்த வேலையில் முக்கால்வாசி, எனக்குக் கீழே இருந்தவர்கள் செய்திருக்க வேண்டியது. அவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், நான் தலைக்கு மேல் வேலை என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

நானே செய்தால் இரண்டு மணி நேரத்தில் முடியும். இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க அதைவிட அதிகம் ஆகுமே?

முதல் தடவை ஆகும். அதை மறுக்கவே முடியாது. ஆனால் கணக்கை அங்கேயே நிறுத்தக் கூடாது. மாதத்துக்கு ஒரு தடவை வருகிற வேலை என்று வைத்துக்கொள்வோம். நீங்களே செய்தால் வருடத்துக்கு 24 மணி நேரம். கற்றுக்கொடுத்தால் முதல் தடவை உங்களுக்கு 3 மணி நேரம் போகும், இரண்டாம் தடவை 1 மணி நேரம், அப்புறம் தடவைக்கு 20 நிமிடம் பார்த்தால் போதும். மொத்தம் ஏழரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கற்றுக்கொண்டவர் அடுத்த வருடமும் அங்கேதான் இருப்பார்.

கொடுக்கும்போது எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் பெரும்பாலும் கோளாறு. 'இந்த ஃபைலைப் பாருங்க' என்று தலையில் கட்டிவிட்டுப் போவது வேலை கொடுத்ததாகாது. நான் நான்கு விஷயங்களைச் சொல்லிப் பழகினேன்: இது யார் கைக்குப் போகிறது, அவர் இதை வைத்து என்ன செய்யப்போகிறார், எத்தனை மணி நேரம் செலவிடலாம், எந்த இடத்தில் நிறுத்திவிட்டு என்னிடம் வர வேண்டும். கடைசி இரண்டைச் சொல்லாமல் விட்டால் நாலு மணி நேர வேலையில் ஒரு நல்ல பிள்ளை இருபது மணி நேரம் மூழ்கிக் கிடக்கும். அப்புறம் அந்தப் பதினாறு மணி நேரத்தை நீங்கள் பில்லிலிருந்து வெட்டுவீர்கள், கோபம் அந்தப் பிள்ளை மேல் வரும்.

இன்னொன்று. ஜூனியர் ஒரு சிக்கலோடு அறைக்குள் வருகிறார், நீங்கள் அவசரத்தில் 'சரி, வெச்சுட்டுப் போங்க, நான் பார்த்துச் சொல்றேன்' என்கிறீர்கள். அந்த நொடியில் வேலை அவர் தோளிலிருந்து உங்கள் தோளுக்கு ஏறிவிட்டது. அவர் இப்போது உங்களுக்காகக் காத்திருக்கிறார். 'நீங்க என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?' என்று கேட்டு, பதிலோடு வரச் சொல்லி அனுப்புவது முதலில் கடுமையாகத் தெரியும். ஆறு மாதத்தில் பழகிவிடும்.

ஜூனியரின் வரைவைத் திருத்தித் திருத்தியே என் நேரம் போகிறது. என்ன செய்ய?

என் கதையைச் சொல்கிறேன். சரக்குக் கட்டுப்பாடு பற்றி ஒரு ஜூனியர் 14 பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தார். ராத்திரி மூன்று மணி நேரம் உட்கார்ந்து வரிக்கு வரி திருத்தினேன். ஆங்காங்கே பத்தியையே மாற்றி எழுதினேன். காலையில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தது. எல்லா மாற்றங்களையும் ஒரே பட்டனில் ஏற்றுக்கொண்டிருந்தார், ஒன்றைக்கூடப் படித்திருக்க வாய்ப்பில்லை. அடுத்த மாதம் வந்த அறிக்கையில் அதே தவறுகள், அதே வரிசையில்.

அடுத்த தடவை எதையும் திருத்தவில்லை. ஓரத்தில் மூன்று கேள்விகள் மட்டும் எழுதினேன். முதல் பக்கத்தில்: 'இதைப் படித்ததும் வாடிக்கையாளர் நாளைக் காலையில் எதை மாற்றுவார்?' நான்காம் பக்கத்தில்: 'இது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?' பதினோராம் பக்கத்தில்: 'இது ஏன் இங்கே இருக்கிறது?' பதினோராம் பக்கத்தில் அவர் கண்டுபிடித்து எழுதியிருந்தது என்னவென்றால், கொள்முதலுக்கு ஒப்புதல் தருபவரும் சரக்கு வந்து சேர்ந்தது என்று கையெழுத்துப் போடுபவரும் ஒரே ஆள். வராத சரக்குக்கும் அவரே கையெழுத்துப் போட்டுவிடலாம், மொத்த அறிக்கையிலும் முக்கியமான விஷயம் அதுதான். இரண்டு பத்திக்கு நடுவில் ஒளிந்துகிடந்தது. சாயங்காலம் வந்த வரைவில் அது முதல் பக்கத்தின் முதல் வரியாக இருந்தது, மொத்த அறிக்கையும் 6 பக்கமாகச் சுருங்கியிருந்தது. எனக்கு ஆன நேரம் 40 நிமிடம்.

நாளைக்கே தாக்கல் செய்ய வேண்டிய ஆவணத்தில் இந்த விளையாட்டு வேண்டாம். அப்போது திருத்திவிடுங்கள், பிறகு உட்கார்த்தி வைத்துக் காரணம் சொல்லுங்கள். இரண்டாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறோம்.

குழுவில் எத்தனை சீனியர், எத்தனை ஜூனியர் இருக்க வேண்டும்?

வருகிற வேலையைப் பொறுத்தது. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் பாடம் நடத்திய டேவிட் மெய்ஸ்டர் இந்த நிறுவனங்களைப் பற்றியே எழுதிப் பேர் வாங்கியவர். வேலையை அவர் மூன்றாகப் பிரித்தார்: மூளை, நரைமுடி, நடைமுறை. இதுவரை யாரும் தீர்க்காத சிக்கல் என்றால் மூளை வேலை, சீனியர்கள் அதிகம் வேண்டும். முன்பு பார்த்த மாதிரிச் சிக்கல்தான், ஆனால் பக்குவம் வேண்டும் என்றால் நரைமுடி வேலை. வழிமுறை தெளிவாக இருந்து பிசகாமல் முடிக்க வேண்டியது என்றால் நடைமுறை வேலை, ஒரு சீனியருக்குக் கீழே நிறைய ஜூனியர்கள் இருக்கலாம்.

எங்கே இடிக்கிறது என்றால், ஒரு காலத்தில் மூளை வேலையாக இருந்தது கொஞ்ச வருடத்தில் நடைமுறை வேலையாகிவிடும். வாடிக்கையாளருக்கு அது தெரிந்துவிடும், கட்டணத்தைக் குறைக்கச் சொல்வார். நமக்கு மட்டும் மனசு ஒப்பாது. நடைமுறை வேலையைப் பங்குதாரரே செய்துகொண்டிருக்கும் நிறுவனங்களில் பங்குதாரர்களுக்கும் நிம்மதி இல்லை, ஜூனியர்களுக்கும் கற்க எதுவும் இல்லை.

பங்குதாரர்கள் எல்லாரும் சமம். அவர்களை நான் எப்படி நிர்வகிப்பது?

உத்தரவு போட்டு முடியாது. நிர்வாகப் பங்குதாரர் என்று பலகை மாட்டியிருந்தாலும் அது மற்றவர்கள் கொடுத்து வைத்திருக்கிற பதவி, வேண்டாம் என்றால் எடுத்துவிடுவார்கள்.

பெரிய இடங்களிலேயே இது எப்படி நடக்கிறது பாருங்கள். 2022 செப்டம்பரில் இஒய் (EY) என்ற பன்னாட்டுத் தணிக்கை நிறுவனத்தின் உலகத் தலைமை, தணிக்கையையும் ஆலோசனையையும் இரண்டு தனி நிறுவனங்களாகப் பிரிக்கும் திட்டத்தைப் பங்குதாரர்களின் வாக்கெடுப்புக்கு விடப்போவதாக அறிவித்தது. 'எவரெஸ்ட்' என்று அதற்குப் பெயர். வரிப் பிரிவினரில் யார் எந்தப் பக்கம் போவது என்பதில் இழுபறி. 2023 ஏப்ரலில் அமெரிக்கப் பிரிவின் செயற்குழு பின்வாங்கியது, திட்டமே கைவிடப்பட்டது. வாக்கெடுப்பு வரைக்கும்கூடப் போகவில்லை. மேலே ஒத்துக்கொண்டது கீழே ஒத்துக்கொண்டதாகாது.

சின்ன நிறுவனத்திலும் இதே கதைதான். கூட்டத்தில் புதிதாக ஒரு யோசனையை வைத்தால், அது நல்லதாகவே இருந்தாலும், யாராவது ஒருவர் கௌரவத்துக்காக எதிர்ப்பார். அதனால் கூட்டத்துக்கு முன்னாலேயே ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்துப் பேசுங்கள். சம்மதம் வாங்குவதற்காகப் போகாதீர்கள், அவருக்கு எங்கே உறுத்துகிறது என்று கேட்கப் போங்கள். உறுத்துவது பெரும்பாலும் லாபப் பங்கு, வாடிக்கையாளர் யார் பெயரில், அறை எது, இந்த மாதிரிதான் இருக்கும். சிரிக்காதீர்கள், அறை விஷயம் நிஜமாகவே நடந்தது. கூட்டத்தில் 'பார்க்கலாம்' என்று சொல்பவரைச் சம்மதித்தவர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த வட்டாரத்தில் 'பார்க்கலாம்' என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.

டைம்ஷீட் தேவையா? எல்லாரும் வெறுக்கிறார்களே.

நானும் வெறுத்தேன். அதன் கதை கொஞ்சம் வேடிக்கையானது. பாஸ்டன் நகரில் ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி வழங்கிய சங்கத்தை நடத்திய ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித், 1919-இல் ஒரு வக்கீல் நிறுவனத்துக்கு நிர்வாகியாகப் போய், ஒரு மணி நேரத்தைப் பத்தாகப் பிரித்து ஆறு ஆறு நிமிடமாகக் கணக்கு எழுதும் முறையைக் கொண்டுவந்தார். எந்த வேலைக்கு எவ்வளவு ஆகிறது என்று தெரிந்துகொள்வதுதான் நோக்கம். வக்கீல் சங்கங்கள் வகுத்த குறைந்தபட்சக் கட்டணப் பட்டியல் செல்லாது என்று 1975-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கோல்ட்ஃபார்ப் வழக்கில் தீர்ப்பளித்த பிறகு, மணிக்கணக்கில் பில் போடுவது இன்னும் வேரூன்றியது. அளப்பதற்காக வந்த கருவி மெல்ல விலைச்சீட்டாகிவிட்டது.

விலை வைக்க அது மோசமான கருவி. மெதுவாகச் செய்பவருக்கு அதிகக் காசு, வேகமாகச் செய்பவருக்குக் குறைவு என்று ஆகிவிடும். ஆனால் செலவு தெரிய அது வேண்டும். மொத்தத் தொகை பேசி வேலை எடுத்தாலும் டைம்ஷீட் எழுதுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவை எவ்வளவு கேட்பது என்று எப்படித் தெரியும்? அன்றன்றைக்கு எழுதுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து எழுதுவது கற்பனை இலக்கியத்தில் சேரும்.

நிறைய எண்கள் வருகின்றன. எதைப் பார்ப்பது?

ஒரு ஜூனியரின் 100 மணி நேரத்தைப் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். அதில் வாடிக்கையாளர் வேலைக்குப் போனது 75. பில் போடும்போது 'இவ்வளவு காட்ட முடியாது' என்று நீங்கள் வெட்டியது போக நின்றது 60. வாடிக்கையாளர் பேரம் பேசி, இழுத்தடித்து, கடைசியில் கொடுத்தது 54 மணி நேரத்துக்கான பணம். ஆக, பாதிக்குக் கொஞ்சம் மேல். 100-க்கும் 75-க்கும் நடுவில் உள்ள ஓட்டை வேலை கொண்டுவருவதிலும் பகிர்ந்து கொடுப்பதிலும் இருக்கிறது. 75-க்கும் 60-க்கும் நடுவில் உள்ளது நீங்கள் வேலை கொடுத்த விதத்தில் இருக்கிறது. 60-க்கும் 54-க்கும் நடுவில் உள்ளது ஆரம்பத்தில் பேசிய பேச்சில் இருக்கிறது. பெரும்பாலான நிறுவனங்கள் முதல் ஓட்டையை மட்டும் பார்த்து ஜூனியர்களை விரட்டுகின்றன. மற்ற இரண்டும் பங்குதாரர் கையில் இருக்கின்றன, அதனால் அவற்றைப் பற்றிப் பேச்சு எழுவதில்லை.

அடுத்தது, நாட்கணக்கு. வேலை செய்து பில் போட 60 நாள், பில் போட்டுப் பணம் வர 50 நாள் என்றால் 110 நாள் சம்பளத்தை நீங்கள் கையிலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். வளர்கிற நிறுவனம்தான் இதில் மூச்சுத் திணறும். லாபம் காகிதத்தில் இருக்கும், மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் இருக்காது.

வாடிக்கையாளர் 10 சதவீதம் குறைக்கச் சொல்கிறார். கொடுத்துவிடலாமா?

100-க்கு 70 செலவு, 30 லாபம் என்று வைத்தால், 10 குறைத்த பிறகு லாபம் 20. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. சம்பளமும் வாடகையும் உங்களோடு சேர்ந்து குறையாது. குறைக்கத்தான் வேண்டும் என்றால் வேலையையும் குறையுங்கள்: 'சரிங்க, இந்தத் தொகைக்கு மூன்று கிளைகள் பார்க்கலாம், ஐந்து முடியாது.' வேலையைக் குறைக்காமல் கட்டணத்தை மட்டும் குறைத்தால், முதலில் சொன்ன தொகை சும்மா சொன்னது என்று நீங்களே ஒத்துக்கொண்ட மாதிரி.

இதைவிடப் பெரிய நஷ்டம் பேரத்தில் வருவதில்லை. 'அப்படியே இதையும் ஒரு பார்வை பார்த்துடுங்களேன்' என்று போனில் வருகிறது. மறுக்க வேண்டியதில்லை. அன்றைக்கே இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்: கேட்டது இது, முதலில் பேசியதில் இது இல்லை, இத்தனை மணி நேரம் கூடும். எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்துப் பில்லோடு சேர்த்துச் சொல்லும்போது வருவது சண்டை.

நிறைய வேலை கொண்டுவரும் பங்குதாரர் ஒருவர், தன்னிடம் வேலை பார்ப்பவர்களைக் கடித்துக் குதறுகிறார். என்ன செய்வது?

இது இடைவேளைக் கேள்விகளில் முதலிடம். பெரும்பாலான நிறுவனங்கள் கண்டும் காணாமல் இருக்கும். அவர் கொண்டுவரும் வருமானம் கணக்கில் தெளிவாக எழுதியிருக்கிறது, அவரால் போனவர்களின் செலவு எந்தக் கணக்கிலும் இல்லை.

முதலில் அந்தச் செலவை எழுதுங்கள். இரண்டு வருடத்தில் அவர் குழுவிலிருந்து எத்தனை பேர் விலகினார்கள், புதியவரைத் தேட எத்தனை மாதம் ஆனது, கற்றுக்கொடுக்க எத்தனை மணி நேரம், அதற்குள் எத்தனை கெடு தவறியது. கணக்கோடு போய்த் தனியாகப் பேசுங்கள். 'உங்க குணம் சரியில்லை' என்று பேசினால் வாக்குவாதம்தான் மிஞ்சும். 'செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அந்தப் பெண்ணின் அறிக்கையைத் தூக்கிப் போட்டீர்கள்' என்று நடந்ததைச் சொன்னால் அவரால் மறுக்க முடியாது. மாறவில்லை என்றால் அவருடைய லாபப் பங்கில் அது தெரிய வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் பிரிவதுதான் வழி. பிரிந்தால் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் அவர் பின்னால் போய்விடுவார்கள் என்ற பயம் இருக்கும். எனக்குத் தெரிந்த இரண்டு இடங்களிலும் பாதிக்கு மேல் தங்கினார்கள். அவர்களுக்கும் அவரைப் பிடிக்கவில்லை போலும்.

லாபத்தை எப்படிப் பங்கிடுவது நியாயம்?

இரண்டு எதிர்முனைகள் உண்டு. ஒன்று, படிப்படியாக ஏறும் பங்கு: எத்தனை வருடம் பங்குதாரராக இருக்கிறாரோ அதற்கேற்ற பங்கு, யார் எவ்வளவு கொண்டுவந்தார் என்று பார்ப்பதில்லை. நியூயார்க்கின் கிராவத் வக்கீல் நிறுவனம் இதற்குப் பேர்போனது. 2021 கடைசியில் அவர்களே இதைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார்கள். மறு முனை, வேட்டையாடியவருக்கே இறைச்சி: கொண்டுவந்தவருக்குப் பங்கு. முதலாவதில் சோம்பேறிக்கும் பங்கு போகும். இரண்டாவதில் வாடிக்கையாளரை யாரும் யாரிடமும் காட்ட மாட்டார்கள். வரி பற்றிய கேள்வியை வரி தெரியாத பங்குதாரரே மென்று விழுங்கிப் பதில் சொல்வார், பக்கத்து அறையில் நிபுணர் சும்மா உட்கார்ந்திருப்பார்.

நடுவில் எங்கே நிற்பது என்பது உங்கள் தொழிலைப் பொறுத்தது. ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன்: வராத வருமானத்தை நம்பி யாருக்கும் உத்தரவாதம் கொடுக்காதீர்கள். டியூயி அண்ட் லபாஃப் என்ற அமெரிக்க வக்கீல் நிறுவனம் 2007-இல் இரண்டு நிறுவனங்கள் இணைந்து உருவானது. பல பங்குதாரர்களுக்கு இவ்வளவு தருகிறோம் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருந்தது. வருமானம் அந்த அளவுக்கு வரவில்லை, கடன் ஏறியது, பங்குதாரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள், 2012 மே மாதம் திவாலானது.

பெரிய வாடிக்கையாளர் சொல்வதைத் தட்ட முடியவில்லை. எங்கே கோடு போடுவது?

ஆர்தர் ஆண்டர்சன் கதையைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 2000-இல் என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்திடமிருந்து அந்தத் தணிக்கை நிறுவனத்துக்கு வந்தது 5.2 கோடி டாலர். அதில் தணிக்கைக்கு 2.5 கோடி, ஆலோசனைக்கு 2.7 கோடி. கணக்கைச் சரிபார்க்கிறவரே அதைவிட அதிகமாக வேறு வேலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார். என்ரான் சரிந்தபோது ஆவணங்களை அழித்த வழக்கில் ஆண்டர்சன் மீது 2002 மார்ச்சில் குற்றம் சாட்டப்பட்டு, ஜூனில் குற்றவாளி என்று தீர்ப்பானது. உலகம் முழுக்கச் சுமார் 85,000 பேர் வேலை பார்த்த நிறுவனம் சில மாதங்களில் கலைந்தது. 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அதற்குள் காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை.

கோடு போட நான் வைத்திருக்கும் கேள்வி: இவர் நாளைக்குப் போய்விட்டால் நிறுவனம் நிற்குமா? நிற்காது என்றால் அவரிடம் நீங்கள் முடியாது என்று சொல்லப்போவதில்லை, எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் சரி. ஆகவே துணிச்சலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வரும் பங்கைக் குறைக்க வழி பாருங்கள். ஒரு பங்குதாரர் மட்டும் அந்த உறவைத் தனியாக வைத்திருக்கவும் விடாதீர்கள். அவரால் விலகி நின்று பார்க்க முடியாது.

தவறு நடந்தால் யாரும் வாய் திறப்பதில்லை. கடைசி நேரத்தில்தான் தெரிகிறது.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஹார்வர்ட் ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவருக்கே குழப்பம். அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, அதிகம் வெளியே சொன்னார்கள் என்பது அப்புறம்தான் புரிந்தது. உங்கள் அலுவலகத்தில் தவறே வெளியே வருவதில்லை என்றால் சந்தோஷப்பட வேண்டாம்.

யாராவது வந்து 'ஒரு தப்பு நடந்துடுச்சு' என்று சொல்லும் முதல் பத்து விநாடியில் உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதை அறையில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 'எப்போ கவனிச்சீங்க?' என்று கேளுங்கள். 'எப்படி விட்டீங்க?' என்பதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டியதை நீங்களே போன் செய்து சொல்லுங்கள், பூசி மெழுகாமல்: நடந்தது இது, பாதிப்பு இது, சரிசெய்ய இதைச் செய்கிறோம். ஜூனியரை விட்டு மின்னஞ்சல் அனுப்பச் சொல்வது கோழைத்தனம்.

நல்ல பிள்ளைகள் மூன்று வருடத்தில் போய்விடுகிறார்கள். சம்பளத்தை ஏற்றினால் நிற்பார்களா?

கொஞ்ச நாள் நிற்பார்கள். போகிறவர்களிடம் கடைசி நாளில் கேட்டால் சம்பளம் என்றுதான் சொல்வார்கள், அதுதான் யார் மனதையும் புண்படுத்தாத பதில். அதே ரக ஃபைலை மூன்றாம் வருடமும் கையில் கொடுத்திருந்தீர்களா, வாடிக்கையாளர் கூட்டத்துக்கு ஒரு தடவையாவது கூட்டிப்போனீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பதவியில் ஏறு, இல்லாவிட்டால் வெளியேறு என்கிற முறையில் நடக்கும் நிறுவனமாக இருந்தால், அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். போகிறவரை மரியாதையாக அனுப்பினால் ஐந்து வருடம் கழித்து அவரே வாடிக்கையாளராக வந்து உட்காருவார்.

ஜூனியர்கள் செய்த வேலையைச் செயற்கை நுண்ணறிவு செய்துவிடுகிறது. இனி ஜூனியர் எதற்கு?

பத்து வருடம் கழித்து சீனியர் வேண்டுமே, அதற்குத்தான். முதல் வரைவு எழுதி எழுதித்தான் எது சரியில்லை என்று மோப்பம் பிடிக்கக் கற்றோம். கருவி எழுதிய வரைவில் எது தப்பு என்று கண்டுபிடிக்கும் வேலையை அவர்களுக்குக் கொடுங்கள், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். ஜூனியர் செலவு மிச்சம் என்று மட்டும் பார்க்கிறவர்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கவலைதான்.

நாங்கள் மூன்று பேர்தான். இதெல்லாம் எங்களுக்கு வேண்டுமா?

டைம்ஷீட் வேண்டும். லாபப் பங்கு எழுத்தில் வேண்டும், நண்பர்கள் என்றால் இன்னும் கட்டாயம். மற்றது ஏழெட்டுப் பேர் ஆனதும் பார்த்துக்கொள்ளலாம்.

எப்போது ஒதுங்குவது? என் வாடிக்கையாளர்களை எப்படிக் கைமாற்றுவது?

மெக்கின்சி என்ற நிர்வாக ஆலோசனை நிறுவனத்தை 1950 முதல் 1967 வரை நடத்திய மார்வின் பவர், 1963-இல் 60 வயதானபோது தன் பங்குகளை நிறுவனத்துக்கே ஏட்டு மதிப்பில் திருப்பி விற்றார். வெளியே விற்றிருந்தால் பல மடங்கு கிடைத்திருக்கும். அடுத்து வருகிறவர்கள் கடனில் முங்காமல் நிறுவனத்தை வைத்துக்கொள்ளட்டும் என்பதுதான் அவர் கணக்கு. எல்லாராலும் இப்படி முடியாது, முடிய வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் ஒதுங்குவதற்கு இரண்டு வருடமாவது முன்னால் கைமாற்ற ஆரம்பிக்க வேண்டும்.

என் பெரிய வாடிக்கையாளர் ஒருவரை நான் கைமாற்றிய விதம் இது. முதல் கூட்டத்துக்கு எனக்கு அடுத்து வரப்போகிறவரைக் கூட்டிப்போனேன், குறிப்பு எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். இரண்டாவது கூட்டத்தில் பாதியை அவர் பேசினார். மூன்றாவதில் நான் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். வாடிக்கையாளர் கேள்வியை என்னைப் பார்த்துக் கேட்டார், நான் அடுத்து வரப்போகிறவர் பக்கம் திரும்பிப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. அந்த இடத்தில் வாயைத் திறக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும், அதுவும் பதில் நமக்குத் தெரிந்திருக்கும்போது. நான்காவது மாதம் வாடிக்கையாளர் ஒரு சந்தேகத்துக்கு என்னைக் கூப்பிடாமல் நேராக அவரையே கூப்பிட்டிருக்கிறார். தற்செயலாகத்தான் எனக்குத் தெரியவந்தது. அன்று சாயங்காலம் வரைக்கும் மனசு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.